சாம்பிள் அண்ணாச்சியின் இடது நெற்றி

சாம்பிள் பார்க்காமல் மூச்சுக்கூட விடாத மனிதர் தாராவியிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் சாம்பிள் அண்ணாச்சி. தோல் பை செய்யும் பட்டறை வைத்திருந்தார். புதுச் சாயம் வந்தால் தோலின் ஒரு மூலையில் தடவி, காயவிட்டுப் பார்த்த பிறகுதான் மீதிக்குப் போடுவார். அது தொழில், போகட்டும். சலூனிலும் ஒரு கன்னத்தை மட்டும் மழிக்கச் சொல்லி, தெருவில் நாலு பேரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டுவிட்டு வந்துதான் மறு கன்னத்தைக் கொடுப்பார்.

நாற்பத்து மூன்று வயதில் அவருக்குப் பாண்டுப்பில் ஒரு வரன் வந்தது. பெண் பள்ளிக்கூட டீச்சர். அதற்கு முன் நான்கு வீடுகளில் "மாப்பிள்ளைக்கு வயசு தெரியுது" என்று தட்டிக்கழித்திருந்தார்கள். இதுவும் கைநழுவினால் கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெண் பார்க்க இரண்டு வாரம் இருந்தது. அடுத்த வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு, ஐரோலி ஆபீசுக்கு லீவு போடவைத்து என்னையும் செம்பூர் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தினமும் சன்ஸ்கிரீன், ராத்திரி ஒரு க்ரீம் போடலாம். பலன் தெரிய மாதங்கள் ஆகும். மேல்தோலை லேசாக உரித்தெடுக்கும் 'பீல்' இருக்கிறது. நெற்றிச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் ஊசி. ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும்.

"ஊசியே போடுங்கம்மா. ஆனா இடது பக்கம் மட்டும். புடிச்சிருந்தா மறுபக்கம் பாப்போம்."

"அண்ணா, இது முகம்! ரெண்டு பக்கமும் சேத்துத்தான் போடணும்."

"இருபது வருசமா தோல்லதான் கெடக்கேன் டாக்டரம்மா. எந்தத் தோலா இருந்தாலும் சாம்பிள் பாக்காம எறங்கப்படாது."

அரைமணி நேரம் வாதாடி ஜெயித்தார். டாக்டரம்மாவுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

பன்னிரண்டாம் நாள் இடது நெற்றி வழவழவென்று ஆகிவிட்டது. "பக்கா மால்டே, ஒசத்திச் சரக்கு!" என்று குதித்தார். வலது புருவமும் சேர்ந்து குதித்தது. இடது புருவம் அசையவில்லை. செம்பூருக்கு ஓடினோம். இப்போது போட்டாலும் வேலை செய்ய நாளாகும் என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். பெண் பார்ப்பது நாளை மறுநாள்.

பாண்டுப்பில் பெண்ணின் அண்ணன் எதைச் சொன்னாலும் அண்ணாச்சியின் வலது புருவம் மட்டும் ஏறி இறங்கியது. அந்த அண்ணன் என் காதருகே வந்து, "மாப்பிள்ளைக்கு வாதம் கீதம் உண்டுமா?" என்றார்.

டீச்சர் நேராகவே கேட்டார். "ஒங்க நெத்திக்கு என்ன ஆச்சு?"

அண்ணாச்சிக்குப் பொய் வராது. "சுருக்கத்தப் பாத்து வேண்டாம்னுருவீங்களோன்னு ஊசி போட்டேன். சாம்பிளுக்கு ஒரு பக்கம் மட்டும்."

அண்ணன் எழுந்தேவிட்டார். டீச்சரோ சிரிக்க ஆரம்பித்தார். கண்ணோரமெல்லாம் கோடு விழச் சிரித்தார்.

"இதுல சொந்த நெத்தி எது?"

"வலது."

டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கிவந்து, அவருடைய வலப்பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான்கு மாதம் கழித்து மாட்டுங்காவில் கல்யாணம். அதற்குள் ஊசியின் வேலை முடிந்திருந்தது. தாலி கட்டிவிட்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்ததும், இரண்டு புருவமும் ஏற, நெற்றி முழுக்க மடிப்பு விழ, அழுதுகொண்டே சிரித்தார். அவ்வளவு அழகான மாப்பிள்ளையை இன்றுவரை நான் பார்த்ததில்லை.