பின் கியர் இருந்த இடம்

அடுப்படியில் உப்புப் போத்தலை யாராவது இடம் மாற்றி வைத்தாலே எனக்குக் கோபம் வரும். இந்தக் கார் கம்பெனிக்காரர்கள் பின் கியரையே இடம் மாற்றிவிட்டு, அதற்குப் புது மொடல் என்று பெயரும் வைக்கிறார்கள். (யாரைக் கேட்டு?)

பலாபத்வலையில் எங்கள் வீட்டில் நிற்பது பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர்தான் ஏறலாம். என் வீட்டுக்காரர் ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. ஐந்து கியர். வலப்பக்கம் தள்ளிக் கீழே இழுத்தால் பின்னுக்குப் போகும். அவர் போன பிறகும் அதில்தான் மாத்தளைக்குப் போய்வருகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கியர் நன்றாக வரும்.

மூத்த மகனுக்கு அது பொறுக்கவில்லை. "வயசாயிருச்சும்மா, கார வித்துருவோம்" என்று நச்சரித்தபடியே இருந்தான். இவன் கண்முன்னால் ஒருநாள் ஓட்டிக் காட்டி வாயை அடைக்கவேண்டும் என்று காத்திருந்தேன்.

மருமகன் அதே காரின் புது மொடலை வாங்கி, கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுவந்தார். சக்கரத்தடியில் வைத்த தேசிக்காய்களை நசுக்கியாயிற்று. அடுத்த பூசைக்கு ஒரு வேன் ஓரமாக நின்றது. நம் காரைப் பின்னுக்கு எடுக்கவேண்டும்.

"சாவியக் குடுங்க மாப்ள, நான் எடுக்கிறேன்."

"அத்தே, இது ஆறு கியர். ரிவர்ஸ் வந்து..."

"மாமா கார இத்தன வருஷம் ஓட்டுனவளுக்கு நீங்க சொல்லித் தரப் போறீங்களா?"

கியர்த் தடியின் தலையில் படம் போட்டிருந்ததாம். நான் பார்க்கவில்லை. கை தானாகப் போனது: வலப்பக்கம், கீழே. கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தேன். (பின்னால் நின்ற மகனும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே திருப்பினேன்.) ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். முன்னால் சரிவு.

கார் கடகடவென்று உதறியது. புதுக் காரென்று ஏமாற்றி விற்றுவிட்டார்களே என்று மருமகனுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தேன். பின்னுக்குப் போனால் பின்னால் நிற்பவர்கள் பெரிதாகத் தெரியவேண்டும் அல்லவா? மருமகன் ஓடி வந்தும் சின்னதாகிக்கொண்டே போனார்.

"அத்தே, அது ஆறாவது கியரு! பிரேக்க மிதிங்க!"

நான் மிதித்தபோது, திருஷ்டிக்கு உடைக்க விற்கிற நீத்துப் பூசணிக் குவியலுக்குள் காரின் மூக்குப் புதைந்திருந்தது. வாசல் முழுக்கப் பூசணி. விற்கிறவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்:

"ஏங்கம்மா, ஒரு காருக்கு ஒன்னு ஒடச்சாப் போதாதா?"

பின் கியர், இடப்பக்கம் மேலே, முதல் கியருக்கும் அந்தப் பக்கம் இருக்கிறதாம். அதையும் அமுக்கித்தான் போடவேண்டுமாம். ஒளித்துவைக்க அதென்ன புதையலா?

"பாத்தீங்களா? நாளைக்கே அந்தக் கார விக்கிறேன்!" என்றான் மகன்.

பம்பரைச் சால்வையால் துடைத்துக்கொண்டிருந்த மருமகன்தான் பதறி எழும்பினார்.

"ஐயோ வேணாம் மச்சான்! கும்புட்டுக் கேக்குறேன், வித்துராதீங்க. அது இல்லாட்டி அத்தே இதுலதான் ஏறுவாங்க!"

அப்படித்தான் என் கார் பிழைத்தது. இப்போது குடும்பத்தில் யார் வாகனம் வாங்கினாலும் எனக்குப் போன் வரும்: "பூசணி வாங்கவா, இல்ல நீங்க வர்றீங்களா?"

"வர்றேன்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிடுகிறார்கள்.