இடது வரிசைக்கு ஒன்று, வலது வரிசைக்கு ஒன்று

மனிதர்களில் "அப்பவே சொன்னேனே" என்று ஒரு ரகம் உண்டு. அவர்களைத் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியிலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்குப் போங்கள். கையில் ஆறிப்போன காபியும் முகத்தில் ஆறாத ஞானமுமாக ஒருவர் நிச்சயம் இருப்பார். மழை பெய்தால் அப்பவே சொன்னவர் அவர். பெய்யாவிட்டாலும் அவரே. எப்படி முடிகிறது என்கிறீர்களா? இரண்டையும் சொல்லிவைக்க வேண்டும். ஒரே ஆளிடம் சொல்லக்கூடாது. அவ்வளவுதான் வித்தை.

நம் ஆளுக்குக் குடும்பத்தில் "அப்பவே அண்ணன்" என்றே பெயர். உள்ளே படுத்திருப்பவர் அவருடைய தங்கை புருஷன், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலில் குத்திய ஆணியைத் துச்சமாக நினைத்து, காய்ச்சல் ஏறி, மூச்சு இரைத்து, நினைவு தப்பிய பிறகு தூக்கிக்கொண்டு வரப்பட்டவர். டாக்டரம்மா வெளியே வந்து தங்கையிடம் பொறுமையாகச் சொன்னார்.

"ரத்தத்துல கிருமி பரவியிருக்கு. நுரையீரலும் கெட்டிருக்கறதால, அதுக்கு ரத்தம் தள்ளற இதயத்தோட வலது பக்கம் திணறுது. இடது பக்கம் இப்போதைக்குப் பரவாயில்ல. வலது பக்கம் தளர்ந்தா ஆபத்து கூடுதல்தான். ஆனா அதை மட்டும் வச்சு இப்படித்தான் ஆகும்னு சொல்ல முடியாது."

"சொல்ல முடியாது" மட்டும் அண்ணன் காதில் ஏறவில்லை. டாக்டரம்மா உள்ளே போனதுதான் தாமதம், இடப்பக்க நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் போனார்.

"கவலைய விடுங்க. இடது பக்கம் இரும்பு மாதிரி இருக்காம். எழுந்து நடந்து வருவார் பாருங்க."

நடைபாதையைக் கடப்பதற்குள் முகத்தை மாற்றிக்கொண்டு, வலப்பக்கம் இருந்த தன் சொந்தக்காரர்களிடம் குரலைத் தாழ்த்தினார். "வலது பக்கம் போச்சு. மனச திடப்படுத்திக்கங்க."

"இதயம் இடது பக்கம்தானேடா இருக்கு? வலது பக்கம் எப்படிப் போகும்?" என்றார் சித்தப்பா.

"அதான் சித்தப்பா பிரச்சினையே! இல்லாத இடத்துல வந்திருக்கு."

சித்தப்பா வெலவெலத்துப் போனார். அன்று முதல் இடது வரிசையில் நோயாளி வீடு திரும்பினால் எந்த அறையில் படுக்க வைப்பது என்று விவாதம். வலது வரிசையில் அத்தை, அழ வசதியாகக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாப்பிள்ளையின் புதுச் செருப்பு யார் காலுக்குச் சேரும் என்று ஒருவர் விசாரிக்கவும் விசாரித்தார்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கையில், தங்கை அவரைப் படிக்கட்டுப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பொண்ணுக்கு நாளைக்குக் கடைசிப் பரீட்சை. எழுதிட்டு வான்னு சொல்லவா, இப்பவே வரச்சொல்லவா? நீயே சொல்லு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அண்ணன் இடப்பக்கம் பார்த்தார். சுவர். வலப்பக்கம் பார்த்தார். அங்கேயும் சுவர். வா என்று சொல்லி மாப்பிள்ளை பிழைத்துவிட்டால் பெண்ணுக்கு ஒரு வருஷம் வீண். இரு என்று சொல்லி, அதற்குள்... அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றார். கண்ணும் கலங்கிவிட்டது.

தங்கை அவரை வியப்பாகப் பார்த்தாள். "பரவாயில்லண்ணா. டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க." பிறகு வெளியூரில் படிக்கும் மகளைப் போனில் கூப்பிட்டாள். "அப்பாவுக்கு எப்படி ஆகும்னு யாருக்கும் தெரியலடா. நீயே யோசிச்சு முடிவு பண்ணு."

மகள் பரீட்சையை விட்டுவிட்டு வந்து, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கிருமி அடங்கியது. மூச்சு சீரானது. இதயத்தின் வலது பக்கம் மெல்ல மெல்லத் தேறியது. "நாளைக்கு வார்டுக்கு மாத்தறோம்" என்று டாக்டரம்மா சொன்னதும் இடது வரிசை துள்ளியது. "அண்ணன் அப்பவே சொன்னாரு!"

"எங்ககிட்ட போச்சுன்னுல்ல சொன்னான்?" என்று வலது வரிசை கொதித்தது. அத்தைக்கு, இத்தனை நாள் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஆத்திரம். இரண்டு வரிசையும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து அண்ணனைச் சுற்றி வளைத்தன.

தங்கைதான் குறுக்கே புகுந்தாள். "விடுங்க. எங்கிட்ட அண்ணன் தெரியலன்னுதான் சொன்னார்."

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் முகம் பூவாய் மலர்ந்தது. நெஞ்சு நிமிர்ந்தது.

"கேட்டுக்கங்க! எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் அப்பவே சொன்னேனே!"

நல்லவேளை, நமக்கு இந்த வியாதி இல்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், "அந்த ஆள் பிழைச்சுடுவார்னு எனக்குப் பாதியிலயே தெரிஞ்சுபோச்சு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல இப்போது வாயெடுத்தீர்களே, அதற்கு முன் ஒன்று: வேறு யாரிடமும் மாற்றிச் சொல்லி வைக்கவில்லையே?