பதினாறு வயது தள்ளுபடி

வயதே ஏறாத ஆண்கள் என்று ஒரு வர்க்கம் இருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். மீசைக்கு அடித்த கருப்பு கன்னம் வரைக்கும் வழிந்திருக்கும். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவார், மேலே போனதும் செல்போனைப் பார்ப்பதுபோல நின்று மூச்சு வாங்குவார். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிட்டால் இறங்குகிறவரை அவரை முறைத்துக்கொண்டே வருவார். கொடுத்தவர் பாவம், என்ன தப்பு செய்தார்?

எனக்கு நன்றாகப் பழக்கமான ஒருவர் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். பழைய ஃபேனைக் கொண்டுபோனால் சத்தத்தைக் கேட்டே, "இதுக்கு வயசாயிடுச்சு, ஃபுல் ஸ்பீடுல ஓட்டாதீங்க" என்று சொல்லிவிடுவார். தன் விஷயத்தில் மட்டும் காது கேட்காது. ராத்திரி அடிக்கடி எழுந்து போகிறாரா? "தண்ணி நிறையக் குடிக்கிறேன்ல!" கால் வீங்கியிருக்கிறதா? "செருப்பு டைட்டு." முழங்கால் வலிக்கிறதா? அதற்குப் பதிலே கிடையாது, மாத்திரைதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மழை வந்தால் கூடுதலாக ஒன்று.

சிறுநீரகம் முழங்காலைப் போன்ற உறுப்பு இல்லை. நாற்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு அது ரத்தத்தை வடிகட்டும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வலிக்காது, சத்தம் போடாது. அதுபாட்டுக்கு நிதானமாக வேலை பார்க்கும், நாம் அதன் தலையில் தினமும் வலி மாத்திரையைக் கொட்டாதவரைக்கும்.

அவர் மனைவி நச்சரித்து நச்சரித்து ஒருவழியாகப் பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அந்த அம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் மேசைக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கேட்டாள்: "அங்கிள், வயசு சொல்லுங்க."

வயதைக் கேட்டதுகூடப் பரவாயில்லை. அந்த அங்கிள் இருக்கிறதே!

"ஐம்பது" என்றார்.

உண்மையில் அறுபத்தாறு. கடையில் நானே கெஞ்சியும் ஒரு பல்புக்குத் தள்ளுபடி தராத மனிதர்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு எவ்வளவு என்பதோடு வயதையும் சேர்த்துத்தான் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். வயதைக் குறைத்தால் கணக்கு அழகாக வரும். வந்தது, பயமில்லை என்கிற கோட்டுக்கு ஒரு நூல் மேலே. நிஜ வயதைச் சொல்லியிருந்தால் கீழே விழுந்திருக்கும். தலைக்கு மை அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிட்னிக்கே மை அடித்தவர் இவர் ஒருவர்தான்.

இவரை அதற்கு முன் பார்த்திராத ஒரு புது டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு, "வலி மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" என்றார்.

"எப்பவாவது ஒண்ணு, டாக்டர்."

"எப்பவாவதுன்னா பரவாயில்ல."

போதாதா? "டாக்டரே சொல்லிட்டாரு, நம்ம கிட்னி ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டார். மாத்திரை அட்டை சட்டைப்பையிலேயே குடியேறியது.

அப்புறம் இரண்டே மாதத்தில், கோடை வெயிலில் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுத்தது. உடம்பில் தண்ணீர் வற்றிக் கிடந்த அப்போதும் விடவில்லை, மாத்திரை போட்டார். சிறுநீர் நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சேர்க்கும் இடத்தில் வயது கேட்டார்கள். "அறுபத்தாறு" என்றார் மனைவி. ஸ்ட்ரெச்சரில் துவண்டு கிடந்தவர் தலையைத் தூக்கி, "அறுபத்தஞ்சரை" என்று திருத்தினார்!

பழைய பரிசோதனை முடிவைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர், "யாரும்மா இந்த ஐம்பது வயசுக்காரர்?" என்று கேட்டதும்தான் அந்த அம்மாளுக்கு எல்லாம் புரிந்தது. கோபத்தில் கத்தினார், பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார். "யாரோ ஒரு பொண்ணு முன்னாடி இளமையாத் தெரியணும்னு என்னைத் தனியா விட்டுட்டுப் போகப் பார்த்தீங்களே!"

அவர் பிழைத்துக்கொண்டார். "போனதுல கொஞ்சம் திரும்பும், எல்லாம் திரும்பாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி வலி மாத்திரை கிடையாது, முழங்கால் வலியோடுதான் குடித்தனம்.

நீங்கள் சிரிக்கலாம். வயதை மறைக்கிற அற்பத்தனமெல்லாம் உங்களிடம் இல்லை. ரொம்ப சந்தோஷம். எங்கே, உங்கள் வயதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

முடிந்த வயதா, நடக்கிற வயதா என்று எதற்கு என்னைத் திருப்பிக் கேட்கிறீர்கள்?