பக்கத்துத் தட்டுப் பண்டிதர்

சாப்பிடப் பிறந்தவர்கள் உண்டு, சமைக்கப் பிறந்தவர்கள் உண்டு. அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்து விளக்கம் சொல்லவே பிறந்த மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் சத்து சார்.

மதியம் சாப்பாட்டு அறையில் டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டால் போதும். தன் டப்பாவை மூடியபடியே மேசையில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் நின்று, கழுத்தை நீட்டி உள்ளே இருப்பதை ஆராய்ந்து, ஒரு பெருமூச்சு விடுவார். அதிலேயே பாதிப் பேருக்குப் பசி போய்விடும்.

“என்னம்மா, வெறும் கீரையா?” என்பார் கணக்குப் பிரிவு அக்காவிடம்.

“இரும்புச்சத்து சார். நீங்கதானே சாப்பிடச் சொன்னீங்க?”

“சொன்னேன். எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களா? வைட்டமின் சி கூட இருந்தாத்தான் கீரையில இருக்கற இரும்பு உடம்புல நல்லா சேரும்!”

இவருக்குப் பயந்து ஓட்டுநர் அண்ணன் காருக்குள்ளேயே சாப்பிட ஆரம்பித்தார். சத்து சார் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

அவர் சொல்வதெல்லாம் சரிதான். அதுதானே தொல்லை! தப்பாகப் பேசினால் மடக்கலாம்; சரியாகப் பேசுகிறவரை என்ன செய்வது?

ஒரு நாள் வளர்சிதை மாற்றம் பற்றிய பாடம். “சாப்பாட்டைச் சக்தியா மாத்த பி வைட்டமின் வேணும். அந்த வேலை எவ்வளவு வேகமா நடக்கணும்னு பாத்துக்கறது தைராய்டு. அதுக்கு அயோடின் வேணும். ஆக்ஸிஜனைச் சுமக்க இரும்பு வேணும். இதெல்லாம் குறைஞ்சா மனுஷன் அப்படியே…”

சரிந்துவிடுவான் என்று சொல்ல வந்தார் போலும். சொல்லவில்லை, செய்து காட்டினார்.

பாடத்தின் ஒரு பகுதி என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். முகம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அக்கா ஓடிவந்து தலையை மடியில் தாங்கினார். ஓட்டுநர் அண்ணன் அவரை அள்ளிக் காரில் போட்டுக்கொண்டு பறந்தார்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்றார் டாக்டர்.

“நார்ச்சத்து பத்தி மச்சானுக்கு போன்ல…”

“பேசினதைக் கேக்கல. சாப்பிட்டதைக் கேட்டேன்.”

பதறி ஓடிவந்த மனைவிதான் சொன்னார்: “டாக்டர், இவர் டப்பா முக்கால்வாசி நாள் கொடுத்தனுப்பின மாதிரியே திரும்பி வருது. என் சமையல் பிடிக்கலபோலன்னு நான் தனியா உக்காந்து அழுதிருக்கேன்.”

சத்து சார் தலையைக் குனிந்துகொண்டார். “நல்லாத்தாம்மா சமைக்கற. எனக்குத்தான் சாப்பிட நேரம் கிடைக்கல.”

ரத்தப் பரிசோதனை வந்தது: ரத்தசோகை. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மறுவாரம் திரும்பி வந்தவர், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, வாய் பேசாமல் சாப்பிட்டார். எங்களுக்கு அது பொறுக்கவில்லை.

“சார், நல்லா மென்னு சாப்பிடுங்க” என்றார் அக்கா. “இன்னொரு முட்டை வச்சுக்கலாமே” என்றார் ஓட்டுநர். பருப்பில் புரதம் இருப்பதை நானும் எடுத்துச் சொன்னேன். அவர் ஒருவர் விட்ட வேலையை அறையே எடுத்துக்கொண்டது.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். இன்று சாப்பிட உட்காரும்போது உங்கள் கண் முதலில் யார் தட்டுக்குப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். பக்கத்துத் தட்டுக்குப் போனாலும் பரவாயில்லை, தாராளமாக வாயைத் திறங்கள். கவளம் உள்ளே போவதற்கு மட்டும்.