எரிய மறுத்த காமன்

காமன் எரியவில்லை.

சூடம் எரிந்தது. சூடத்தை வைத்தவர் கை சுட்டது. வைக்கோலிலிருந்து புகை வந்ததே தவிர நெருப்பு வரவில்லை. ஜவுளிக்கடை வைத்திலிங்கம் குனிந்து, மூச்சைப் பிடித்து ஊதியதில் அவருடைய கண்கள்தான் எரிந்தன. தெருமுனையில் நட்டிருந்த ஆமணக்குக் கொம்பும், அதைச் சுற்றிக் கட்டிய வைக்கோலும், அடுக்கிய வரட்டியும் மாசிப் பௌர்ணமி நிலா ஏறுகிற நேரத்தில் எனக்கென்ன என்று நின்றுகொண்டிருந்தன.

"என்னங்கடா இது, தொட்டா சொதசொதங்குது?"

"பனியா இருக்கும்."

"பெரம்பலூர்ல பனியா? நல்லாச் சொன்ன போ! ஃபேன் போட்டாலே அனல் அடிக்குது."

கூட்டத்தில் ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கையில் மஞ்சள் காப்புக் கட்டி முன்வரிசையில் நின்ற அய்யம்பெருமாள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். அன்று மத்தியானம் தெருவே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்க் காமன் தலையில் கவிழ்த்தவர் அவர்தான்.

இதில் உள்ள அநியாயம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அந்தத் தெருவில் வருஷா வருஷம் மாசியில் காமன் நடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்த கதை. பௌர்ணமியன்று கொளுத்துகிற வரைக்கும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாட்டிலேயே மல்லுக்கு நிற்பார்கள். மன்மதன் எரிந்து சாம்பலாகிவிட்டான் என்று பாடுவது எரிந்த கட்சி. ரதியின் தாலிக்காகப் பிழைத்துக்கொண்டான் என்று பாடுவது எரியாத கட்சி. எரியாத கட்சிக்குத் தலைவர் வைத்திலிங்கம். எரிந்த கட்சிக்குத் தலைவர், அப்பா காலத்திலிருந்தே, அய்யம்பெருமாள் வீடுதான். எரிந்த கட்சித் தலைவரே தண்ணீர் ஊற்றினார் என்று தெரிந்தால் தெரு சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

ஆனால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் கலைச்செல்வன் அப்பாவையும் அம்மாவையும் நிரந்தரமாகத் தன்னோடு அழைத்துக்கொள்வதாக முடிவு செய்திருந்தான். காமன் எரிந்த மறுநாள் வேன். காமன் நட்டுக் காப்புக் கட்டியவர் அது எரிகிற வரைக்கும் வெளியூரில் போய்த் தங்கக் கூடாது என்பது தெருவின் கட்டுப்பாடு. காமன் எரியாவிட்டால் காப்பு அவிழாது, காப்பு அவிழாவிட்டால் வேன் வராது.

'எனக்குப் போகப் பிடிக்கவில்லை' என்று மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். மனைவி பரிமளா அதற்குள் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாள். "பேத்தியைப் பாத்துக்கிட்டு அங்கேயே கெடக்கலாம்" என்று ஒருநாள் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அவருக்கு வாய் வரவில்லை. நாற்பது வருஷம் இந்த வெயிலில் வெந்தவள். அவள் ஆசையைக் கெடுக்க அவர் யார்? நேராகக் கெடுக்க மனமில்லாமல்தான் குடத்தைத் தூக்கினார்.

ஒரு வாரம் தள்ளிப் போனால் போதும் என்று நினைத்தார். ஆசை தீரத் தெருவை ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் அவர் கணக்கு.

மறு வெள்ளிக்கிழமை திரும்பவும் கொளுத்துவதாக ஏற்பாடாயிற்று. அய்யம்பெருமாள் கட்சி மானம் காக்கத் தானே முன்னின்று காய்ந்த வைக்கோலாகப் பார்த்து வாங்கி வந்து சுற்றினார். "இந்தத் தடவை எப்படி எரியுது பாருங்க!" என்று மார் தட்டினார். மத்தியானம் ஒரு குடம் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை காமன் புகையக்கூட இல்லை.

"எரியாத கட்சிக்கு ஜே!" என்று வைத்திலிங்கம் துள்ளினார். "ஏம்பா அய்யம்பெருமாளு, காலங்காலமா சாம்பலு சாம்பலுன்னு பாடுனீங்களே, எங்கே சாம்பல் காட்டு பாப்போம்!"

"அடுத்த வெள்ளிக்கெழம பாரு" என்றார் அய்யம்பெருமாள். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். இந்த வெயிலுக்கு ஒரு குடம் தண்ணீர் அரை மணி நேரம் தாங்காதே! காமன் நிற்கிற இடமோ நாற்று நடலாம் போலச் சேறாகக் கிடந்தது. நம் கைராசி அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்குள் வந்ததும் பரிமளா பிடித்துக்கொண்டாள்.

"கொடத்தை என்ன பண்ணுனீங்க? அடியெல்லாம் சேறு."

"செடிக்குத் தண்ணி ஊத்துனேன்."

"எந்தச் செடிக்கு? இருந்த செடியெல்லாந்தான் பக்கத்து வூட்டுக்குக் குடுத்தாச்சே, ஊருக்குப் போறோம்னு."

அவர் நாள்காட்டியில் தேதியைக் கிழிக்கப் போனார். ஆனால் அவளும் மேலே கேட்காமல் சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். குடத்தை நன்றாகக் கழுவித்தானே கவிழ்த்தோம் என்று அவருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. வயசாகிவிட்டது, மறதி, வேறென்ன!

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து.

பெரம்பலூருக்கு வசந்தம் என்றால் வெயில் ஏறுகிறது, பவர் கட் ஆகிறது, அவ்வளவுதான். பூத்துக் குலுங்குகிற ஊரில்லை அது. அப்பேர்ப்பட்ட ஊரில் பங்குனி பிறந்த கையோடு காமன் துளிர்த்துவிட்டான். ஆமணக்குக் கொம்பு கையகல இலை விட்டது. பக்கத்தில் ஊன்றியிருந்த கரும்பு கணுவுக்குக் கணு குருத்துவிட்டது. வைக்கோலில் ஒட்டிக்கொண்டிருந்த நெல்மணிகூட முளைத்து, மன்மதன் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

யாரோ அதைப் படம் பிடித்து செல்போனில் அனுப்பிவிட்டார்கள். பெண் கிடைக்காத பையன்கள் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் வெள்ளைத் தூசி போகாமலே வந்து மஞ்சள் கயிறு கட்டினார்கள். தெரு வாசலில் கரும்புச்சாறு வண்டி ஒன்று வந்து நின்றது. அய்யம்பெருமாளால் சொந்த கேட்டைத் திறந்து ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியவில்லை.

தெருக்காரர்கள் போக்கும் மாறிவிட்டது. இஸ்திரிக் கடைக்காரரும் அவர் மனைவியும் பல காலமாகத் துணியை மட்டும் கை மாற்றிக்கொள்வார்கள், பேச்சு கிடையாது. அவர்கள் ஒரே டம்ளர் டீயைப் பாதிப் பாதி குடித்ததைத் தெரு பார்த்தது. வைத்திலிங்கம், பேரன் எடுத்தவர், மனைவியைப் பைக்கில் உட்கார வைத்துப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஐஸ்கிரீம் தின்ன அழைத்துப் போனார். போகும்போது அந்த அம்மாளின் கை பைக் கம்பியில் இருந்தது. வரும்போது அவர் தோளில் இருந்தது.

"எல்லாம் காமன் வேலை" என்றது தெரு.

எல்லாம் என் வேலை என்று அய்யம்பெருமாள் உள்ளுக்குள் நடுங்கினார். நிறுத்திவிடலாமா என்றால் வேன் ஞாபகம் வந்தது. மறுபடியும் குடத்தைத் தூக்கினார்.

ஒரு சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு பரிமளா கேட் அருகே நின்று காமனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"எங்கப்பா இருந்தா இன்னைக்குத் தலைகால் புரியாம ஆடியிருப்பாரு" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்பா முத்துசாமி ஜெயங்கொண்டம் பக்கத்தில் எரியாத கட்சியின் பெரிய பாட்டுக்காரர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவரோடு போட்டி போட, மீசை சரியாக முளைக்காத அய்யம்பெருமாள் பஸ் ஏறிப் போயிருந்தார். வழியெல்லாம் முந்திரி பூத்த வாசனை. பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மன்மதன் வெந்து சாம்பலாகப் போகிற இடத்தில், பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி பச்சைத் தாவணியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அடுத்த அடி மறந்துபோயிற்று. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கட்சி தோற்றது. தோற்ற ஊருக்கே ஆவணியில் மாப்பிள்ளையாகப் போனார்.

"அன்னைக்கு ஏன் சிரிச்ச?"

"எத்தனை தடவை கேப்பீங்க? நீங்க வேட்டியைத் திருப்பிக் கட்டியிருந்தீங்க."

"பொய்."

"சரி, பொய்யின்னே வெச்சுக்கங்க." அவள் குரல் என்னவோ போலிருந்தது. "எங்கே போனாலும் இதெல்லாம் கெடைக்குமா?"

இதுதான் சமயம், போக வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சீக்கிரம் எரிஞ்சாத் தேவலை. புள்ள எத்தனை தடவைதான் வேனைத் தள்ளிப் போடுவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அய்யம்பெருமாள் கேட்டைச் சாத்தினார். இத்தனை வருஷம் ஒன்றும் கேட்காதவள். பேத்தியோடு இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசை. அதற்கும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறேனே, நான் மனுஷனா! அன்றோடு குடத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். காமன் எரியட்டும், போவது போகட்டும். தார் ரோடே இளகுகிற வெயிலில் எல்லாம் தானாகக் காய்ந்துவிடும்.

அப்படியே நிறுத்திவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கலைச்செல்வனே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"என்னப்பா இதெல்லாம்? ஊரே சிரிக்குது. இன்னைக்கு நானே கொளுத்துறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டான்.

முந்தின நாளே சுற்றி வைத்த புது வைக்கோல், புது வரட்டி, கூடவே ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். அய்யம்பெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். மனதுக்குள் தெருவுக்குப் போய் வருகிறேன் சொல்லிக்கொண்டார். டீக்கடைக்குச் சொன்னார், கேட்டுக்குச் சொன்னார்.

குப்பென்று ஒரு சத்தம். எரிந்துவிட்டது என்று கண்ணைத் திறந்தார். மண்ணெண்ணெய் மட்டும் எரிந்து, உஸ் என்று அடங்கி, காமன் முன்னைவிடப் பளபளவென்று பச்சையாக நின்றான்.

அய்யம்பெருமாளுக்கு வேர்த்துவிட்டது. 'நான்தான் ஊத்தவே இல்லையே!'

"மன்மதன்டா!" என்று வைத்திலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எரிந்த கட்சித் தலைவரும் வாழ்க்கையில் முதல்முறையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கலைச்செல்வன் மசியவில்லை. "காப்புதானே பிரச்சனை? அதை அவுத்து வைத்திலிங்கம் மாமா கையில கட்டிடுங்க. அவரு எங்கேயும் போகப்போறதில்ல. நாளைக்குக் காலையில நாம கெளம்புறோம்."

வைத்திலிங்கத்துக்கு வாயெல்லாம் பல். "தாராளமா தம்பி. நான் பாத்துக்கறேன்."

"சரிப்பா" என்றார் அய்யம்பெருமாள். "சரிப்பா" என்றாள் பரிமளாவும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு முன்னால் எழுந்து பழக்கமில்லாத அய்யம்பெருமாளுக்கு மறுநாள் விடிகிற நேரத்திலேயே விழிப்பு வந்துவிட்டது. பரிமளா எப்போதும் போல வாசல் தெளிக்க எழுந்து போயிருந்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். போவதற்கு முன்னால் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

காமன் இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கையைக் கூப்பினார்.

"மன்மதா, தப்புத்தான். ஊரை விட்டுப் போவக் கூடாதுங்கற ஆசையில உன் தலையில தண்ணி ஊத்துனேன். நிறுத்தியும் நாளாச்சு. அதுக்கப்புறமும் நீ ஏன்யா இப்படி ஈரமா நிக்குற?"

பின்னால் சர் சர்ரென்று கேட்டுக்கொண்டிருந்த துடைப்பச் சத்தம் நின்றது. தினமும் விடியலில் அந்தத் தெருவைக் கூட்டுகிற பூமாலை, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களுமா சார்?"

"என்ன நீங்களுமா?"

பூமாலை தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட போங்க சார், இதை முன்னாடியே ஒரு வார்த்தை வாயைத் தொறந்து சொல்லியிருந்தீங்கன்னா, ஓசூருக்குப் போவாம இருக்கணும்னு அம்மா பாவம், தெனமும் இந்நேரத்துக்கு மூணு மூணு கொடமாத் தூக்கிச் சொமந்திருக்க வேணாமே!"