எக்கிப் பறித்த ஏலக்காய்

போடிநாயக்கனூர்,
16-10-1956

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை ஜெபமணி அவர்களுக்கு, மைத்துனன் தானியேல் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி செல்லக்கனியும் கடையும் சுகம். அங்கே தாங்களும் என் தங்கை புஷ்பலதாவும் அச்சு இயந்திரமும் சுகமென நம்புகிறேன்.

நிற்க. என் ‘ஏலமலை மங்கை’ புத்தகத்தின் அட்டையில் ‘ஏலமலை மக்கள் கேட்டு மகிழ்ந்தது’ என்று போடச் சொன்னதற்கு, அச்சில் பொய் போட மாட்டேன், முதலில் அவர்கள் முன்னால் படித்துவிட்டு வாருங்கள் என்று எழுதினீர்களே, எல்லாம் அதில் வந்த வினைதான். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, குடையும் நாற்பது பாட்டு எழுதிய நோட்டுமாகக் குரங்கணி வரை வண்டியில் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு மூச்சிரைக்க ஏறினேன். கங்காணி வீரையா பெரிய மனசு பண்ணி, காய் உலர்த்தும் கொட்டகையில் இருபது பெண்களை உட்கார வைத்தார். ஆரம்பித்தேன்:

உச்சிக் கொப்பில் ஏலம் காய்க்க
எக்கிப் பறிக்கிறாள் ஏந்திழையாள்!

சிரித்தார்கள். ரசனை என்று நினைத்து மறுபடி படித்தேன். இன்னும் சிரித்தார்கள். மூன்றாம் தரம் குதிகாலைத் தூக்கி எக்கியே காட்டினேன். ஒருத்திக்கு விக்கலே வந்துவிட்டது.

பேச்சி என்று ஒரு பெண் எழுந்தாள். “அண்ணே, எந்த மலையில எக்கிப் பறிக்கிறாக? எங்களையும் அங்க கூட்டிட்டுப் போங்க. இங்க குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு செத்துப்போச்சு” என்று சொல்லி, என் குடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் செடியைக் காட்டினாள். மாப்ளே, மூணு தலைமுறையா ஏலக்காய் விக்கிற குடும்பம் நாம. நான் அதை மூட்டையில பாத்திருக்கேனே தவிர செடியில பாத்ததில்ல! செடி என்னவோ என்னைவிட உசரம். பூவும் காயும் வேரடியில, மண்ணோட மண்ணா கிடக்கு. குனிஞ்சு பாத்தேன். முழங்காலுக்கு மேல அட்டை ஏறிருச்சு. பேச்சி போயிலையை வச்சு அதை எடுத்துவிட்டுக்கிட்டே, “நாங்க படிக்கிறதையும் கேளுங்க” என்று பாடினாள்:

வேரடியில காய் கிடக்கு, வெரசா எடு தங்கச்சி;
நீலமாமே வானமெல்லாம், நிமிந்து பாத்து நாளாச்சு!

என் நாற்பது பாட்டும் இந்த ரெண்டு வரிக்கு முன்னால் நிற்காது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால் பதினோரு இடத்தில் அந்த ஏந்திழை எக்குகிறாள். ஆகவே அச்சுக்குக் கோத்த ஈய எழுத்தையெல்லாம் பிரித்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள். இனி நான் பேனாவைத் தொட்டால் மூட்டைக்கு விலாசம் எழுதத்தான்.

பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் தங்கள் அச்சுக்கூடத்தை ஆசீர்வதித்து, கவிஞர்களிடமிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
முன்னாள் கவிஞர்
தானியேல்

பி.கு.: தபாலில் போட மறந்து இது சட்டைப் பையிலேயே கிடந்தது. இன்று வியாழக்கிழமை. வீரையாவும் பேச்சியும் மூட்டையோடு கடைக்கு இறங்கி வந்தவர்கள், புத்தகம் எப்போது வரும் என்று கேட்டார்கள். நிறுத்தப் போகிறேன் என்றேன். பேச்சிக்கு வந்ததே கோபம்! “என்னண்ணே இப்படிச் சொல்றீக? மழை பிடிச்சு மூணு மாசமா அந்த மலையில ஒருத்தரும் பல்லைக் காட்டல. நீங்க எக்கினதை நெனச்சு இப்பவும் வேலைக்கு நடுவுல சிரிக்கிறோம். அதுல ஒரு எழுத்து மாத்தக் கூடாது” என்று சொல்லிவிட்டாள். ஆகையால் மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டுங்கள். பேச்சியின் ரெண்டு வரியை அவள் பேரோடு முதல் பக்கத்தில் போடுங்கள். அட்டையில் மட்டும் ஒரு சொல் மாற்றம்: ‘ஏலமலை மக்கள் கேட்டுச் சிரித்தது.’ இதில் பொய் கிடையாது மாப்ளே, இருபது பேர் சாட்சி.