பயத்துக்கு ஒரு முழ நூல்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே ராஜ்யம் முன்னறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு டிவி, அலமாரி நிறையக் கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்கள். மனைவி டெய்லர். அவள் மிஷினோ சமையலறை ஓரம். குக்கரைத் திறந்தால் தைக்கிற துணியில் ஆவி. நிஜ ஆவி.

"அந்த ரூம் எனக்கு வேணும். ஓட்டைப் பேய்க்கெல்லாம் தனி ரூம், உழைக்கிறவளுக்கு மூலையா?"

கடைக்காரர் நிமிர்ந்தார். "ஓட்டைப் பேயா? இப்போ கோடி கோடியாக் கொட்டி, பேயோட கடவாய்ப்பல் வரைக்கும் காட்டுறான். பல் டாக்டர்தான் பயப்படணும்! அப்போ கையில காசு ஏது? ஒரு மெழுகுவர்த்தி, ஒரு திரைச்சீலை, தானாத் திறக்கிற கதவு. பேயைக் காட்டவே மாட்டான். நம்ம மனசே பேயைப் பண்ணிக்கும்டி!"

"என் மனசுக்கு வேற வேலை இருக்கு."

சுருக்கென்றது அவருக்கு. "பந்தயம்! காலணா செலவில்லாம உன்னை அலற வைக்கிறேன். நீ அலறினா ரூம் எனக்கு."

"நீங்க அலறினா?"

"நானா? வருஷக்கணக்கா பேயோட குடித்தனம் பண்றவன்!"

"யாரைச் சொல்றீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமே இருட்டு, கரண்டும் இல்லை. இயற்கையே இலவசமாக லைட்டிங் கொடுத்தது. மனைவி உள்ளறையில். அவளுடைய கறுப்பு நூல்கண்டையே எடுத்து, நுனியை அந்த அறைக் கதவின் கைப்பிடியில் கட்டி, முன்னறை நாற்காலிக்குப் பின்னால் பதுங்கி, மெல்ல இழுத்தார்.

கிரீ...ச். கதவு திறந்தது. பிரமாதம்! அலறலுக்குக் காத்திருந்தார்.

சத்தமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை.

அப்போது கையிலிருந்த நூல் விறைத்தது. அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக, ஓர் இழுப்பு. நின்றது. இன்னோர் இழுப்பு.

அவர் அலறிய அலறலில் மாடிவீட்டு ஜன்னல் திறந்தது. "என்ன சார், யாருக்கு என்ன?"

நூலைச் சுற்றிக்கொண்டே மனைவி வந்தாள். "நூல்கண்டைக் காணோமேன்னு தேடினேன். அதோட நுனி கதவுல தொங்குச்சு. அவுத்து இழுத்தேன், அவ்வளவுதான்."

நடுக்கம் அடங்குமுன்னே அவர் முகம் மலர்ந்தது. ஜன்னலில் தலையை நீட்டி, மாடிக்கும் சேர்த்து முழங்கினார்: "பார்த்தீங்களா! வெறும் நூல்! ஒண்ணுமே காட்டல, உயிரே போயிடுச்சு! நான் சொன்னேனா இல்லையா?"

"நூத்துக்கு நூறு உண்மைங்க," என்றாள் அவள். "மிஷினை அந்தப் பக்கம் பிடிங்க, முன்னறைக்குத் தூக்கலாம்."